மாமியாருக்கு இடமில்லாத வண்டி

அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை. எனக்காக அவர் ஒரு பெயரை மறைத்தவர், பதிலுக்கு நான் அவர் பெயரை மறைக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் நாங்கள் வேலை பார்த்த மோட்டார் கம்பெனியில் முதலாளி முதல் வண்டி கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். கார் விற்பது அவர் வேலை. வந்த கடிதத்துக்கெல்லாம் பதில் அடிப்பது என் வேலை. சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். அந்தக் கம்பெனியில் சேலை கட்டிய ஒரே ஆள் நான்.

"இது யாருக்க?" என்ற கேள்வி அவர் வாயிலிருந்து இறங்கவே இறங்காது. யாருடையது என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கேட்போம். மேஜைமேல் கிடக்கும் பென்சில், வாசலில் கிடக்கும் செருப்பு, முற்றத்தில் விழுந்த மாங்காய், எதைக் கண்டாலும் அதற்கு ஓர் உடமைக்காரரைக் கண்டுபிடிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு மழைக்காலத்தில் யாரோ குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார்கள். மூன்று வாரம் அது மூலையில் நின்றது. முதலாளி எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். அண்ணாச்சி விடவில்லை. குடைப்பிடியில் பல் பதிந்த தடம் இருந்தது. பேசும்போது பிடியைக் கடிக்கிற ஆள் யார் என்று யோசித்து யோசித்து, குழித்துறைச் சந்தையில் தேங்காய் வியாபாரம் செய்கிற ஒருவர் என்று முடிவுக்கு வந்து, தன் லீவு நாளில் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வியாபாரிக்கோ அந்தக் குடை காணாமல் போனதே நினைவில் இல்லையாம். அதைச் சொல்லும்போது அண்ணாச்சியின் முகத்தில் வருத்தம் தெரிந்தது.

பொருளுக்கு மட்டுமல்ல, வார்த்தைக்கும் அவர் உடமைக்காரரைச் சொல்லிவிடுவார். பிரேக் எப்படி என்று வாங்க வந்தவர் கேட்டால், "கொள்ளாம், நல்லா பிடிக்கும்னு நான் சொல்லல்ல, நம்ம வண்டி கழுவுக ஆளு சொன்னது. தெனமும் தள்ளிப் பாக்கது அவன்தானே" என்பார். அந்த ஆளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தவும் செய்வார். நனைந்த கையோடு அவர் வந்து நிற்கும்போது ஒரு சுற்று பெருத்துவிட்ட மாதிரி இருக்கும். எனக்கும் அப்படி ஒன்றிரண்டு தடவை நடந்திருக்கிறது. "இது எங்க டைப்பிஸ்ட் பிள்ளைக்க யோசனை" என்று ஒரு பெரிய எஸ்டேட்காரரிடம் சொன்னார். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதை எத்தனை தடவை சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

இந்தக் குணம்தான் அவரைக் கார் விற்பவராக ஆக்கியது. மற்ற கம்பெனிக்காரர்கள் என்ஜினைத் திறந்து காட்டுவார்கள். இவர் மூடியைத் தொடவே மாட்டார். அஞ்சுகிராமத்திலிருந்து ஓர் அரிசி ஆலைக்காரர் கூட நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, இருப்பதிலேயே உயரமான வண்டியின் முன்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். வீட்டில் காரில் ஏறப்போகிற மூத்த ஆள் யார் என்று அண்ணாச்சி கேட்டார். தாயார், முழங்கால் வலிக்காரி என்று பதில் வந்தது. அந்த வண்டியையே வீட்டுக்குக் கொண்டுபோய் அந்த அம்மாளை ஏறச் சொன்னார். கால் எட்டவில்லை. மறுநாள் படி தாழ்ந்த வேறொரு வண்டி அந்த வீட்டுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. "வண்டி வாங்குகவனுக்கு இல்ல மக்ளே, ஓட்டுகவனுக்கும் இல்ல. ஏறி இருக்க ஆளுக்க" என்று என்னிடம் விளக்கம் சொன்னார்.

இவ்வளவு சொல்கிற மனிதருக்குக் கார் ஓட்டத் தெரியாது. விற்கிற காரின் இருக்கையில் ஒரு நாள் உட்கார்ந்தும் பார்த்ததில்லை. கேட்டால், அது வேறு ஒருவருடைய இடம் என்பார். கதவைத் திறந்து பிடித்தபடி வெளியே நின்றே பேசுவார். சாயங்காலம் செருப்பை இழுத்துக்கொண்டு வடசேரிக்கு நடந்து போவார்.

அந்த இரட்டை ஆசன வண்டி வந்தது அப்போதுதான். இங்கிலாந்தில் யுத்தத்துக்கு முன்பு ரொம்பப் பேர் பெற்ற மாடலாம். பந்தயத்திலெல்லாம் ஓடியதாம். யுத்தத்தில் நின்றுபோனதைப் பழைய பெயரிலேயே, புது உடம்போடு திரும்பச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். பச்சை, சிவப்பு, சந்தன நிறம் என்று மூன்று வண்டிகள் கொச்சியில் கப்பலிறங்கி எங்கள் தலையில் வந்து விழுந்தன. இடுப்பு உயரம்தான் இருக்கும். கூரைக்குப் பதில் மடக்குகிற கித்தான். முன்னால் இரண்டு இருக்கை. பின்னால் ஒன்றுமில்லை. முதலாளி எங்களை எல்லாம் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: இந்த மூன்றும் வருஷத்துக்குள் போகாவிட்டால் ஏஜென்சி திருவனந்தபுரத்துக்காரர் கைக்குப் போய்விடும். அது போனால் நாங்கள் பதினொரு பேரும் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

வண்டியோடு வழவழ காகிதத்தில் ஒரு புத்தகமும், எப்படி விற்க வேண்டும் என்று ஒரு நீண்ட கடிதமும் வந்தன. கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன். பழைய வண்டியை ஆசையோடு நினைவு வைத்திருப்பவர்களைத் தேடுங்கள், அவர்களுடைய இளமை திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லுங்கள், புதுக் காலத்துக்காரர்கள் அவர்களைப் பார்த்து வாங்குவார்கள் என்பது அதன் சாரம். அண்ணாச்சி அதைச் சிரத்தையாக எடுத்துக்கொண்டார். நாலு நாள் மேற்கே போய், பழைய வண்டியை நினைவு வைத்திருப்பவர்களைத் தேடினார். யுத்தத்துக்கு முன்பு அந்த மாடல் எங்கள் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் ஓடியிருக்கிறது. திற்பரப்புக்கு மேலே ஓர் எஸ்டேட்டின் வெள்ளைக்கார மேனேஜர் வைத்திருந்தது. அதை நினைவு வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர், தன் கல்யாண வேஷ்டியில் அதன் சேற்றை வாங்கிக்கொண்டவர். இன்னொருவர், ஹாரன் சத்தத்துக்குப் பயந்து ஓடையில் குதித்த ரப்பர் வெட்டுத் தொழிலாளி.

"நெனைப்பு தொரைக்க. தொரை கப்பலேறியாச்சு. வண்டி மட்டும் நமக்கு வந்திருக்கு" என்றார். அதை அப்படியே இங்கிலீஷில் எழுதி அனுப்பச் சொன்னார். நானும் அடித்தேன். முதலாளி படித்துவிட்டுக் கிழித்துப் போட்டார்.

பிறகு ஒவ்வொருவராகத் தேடி அலைந்தார். ஒரு டாக்டரிடம் போனார். கம்பவுண்டர் எங்கே உட்காருவார் என்று டாக்டர் கேட்டார். ரப்பர் தோட்டக்காரர் ஒருவர், ரப்பர் ஷீட்டுக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டா போவது என்று கேட்டார். ரோடு கான்ட்ராக்டர் கேட்டதுதான் எல்லாவற்றிலும் நியாயம். பின் சீட்டில் நாலு ஆள் நெருக்கி உட்கார்ந்திருந்தால்தான் முன்னால் இருப்பவருக்கு மதிப்பு என்றார். அந்த நாட்களில் நாஞ்சில் நாடு எந்த ராஜ்யத்துக்கு, மலையாளத்தோடா மதராஸோடா என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை. யாருக்க என்று எல்லோரும் கேட்டார்கள். அண்ணாச்சி மட்டும் அதைக் கேட்கவில்லை. அவருக்கு மூன்று வண்டிகளுக்கு ஆள் தெரியாத கவலை.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தாயிற்று.

ஒரு மத்தியானம் சாப்பிடும்போது என் அக்கா கல்யாணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. கோவிலில் தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குக் காரில் போனார்கள். மாப்பிள்ளை முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில். பின்னால் மாமியார், இரண்டு நாத்தனார்கள், நடுவில் இடுக்கிக்கொண்டு என் அக்கா. போகிற வழி முழுக்க மாமியாரின் கைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனாள். முந்தானை கசங்கியது, பூ உதிர்ந்தது, மாப்பிள்ளையின் பிடரியைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வாய் கொஞ்சம் நீளம், சும்மா இருக்காமல் சொன்னேன்: "அண்ணாச்சி, பேசாம பச்சை வண்டிய பொண்ணப் பெத்தவங்களுக்குக் காட்டுங்க. மாமியாருக்கு இடமில்லாத வண்டின்னு சொல்லுங்க. வரிசையில வந்து நிப்பாங்க."

அவர் சோற்றை அப்படியே வைத்தார். கை கழுவாமல் எழுந்து பச்சை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடது பக்க இருக்கையை ரொம்ப நேரம் பார்த்தார். "கிட்டியாச்சு மக்ளே. இது கல்யாணப் பெண்ணுக்க வண்டி" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

வழக்கம்போல, இது எங்கள் டைப்பிஸ்ட் பிள்ளையின் வார்த்தை என்று சொல்லித்தான் விற்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பயம் வந்துவிட்டது. இரண்டு இடத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமியாருக்கு இடமில்லை என்று சொன்ன பெண் என்று தெரிந்தால் எந்த வீட்டில் எடுப்பார்கள்? என் பெயரைச் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். அவருக்கு மனசே இல்லை.

"உடமைக்காரி வேண்டாம்னு சொன்னா அந்த வார்த்தை எங்க போய் நிக்கும்?"

"நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

"தந்திட்டியா?"

"தந்திட்டேன்."

அதற்குப் பிறகு அதை அவர் எங்கு சொன்னாலும் யாருடையது என்று சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் உடமைக்காரரைச் சொல்லாத ஒரே வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

கோட்டாற்றில் ஓர் அரிசி வியாபாரி இருந்தார். மனைவி இல்லை. ஒரே மகள். ஆறு மைல் தள்ளி ஒரு பெரிய நெல்வயல் வீட்டில் சம்பந்தம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை பி.ஏ. படித்தவர். மகளை அனுப்பிவிட்டு எப்படி இருப்பது என்று அந்த மனிதர் உருகிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அவரிடம் பேசியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். எங்கே போனாலும் உங்கள் மகள் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில்தான் போவாள், வேறு யாரும் நடுவில் வர முடியாது, இந்த வண்டியில் அதற்கு வழியே இல்லை என்றார். கடைசியில் அந்த வார்த்தையையும் சொன்னார். வியாபாரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பச்சை வண்டியைச் சீர்வரிசையில் சேர்த்துவிட்டார். மாப்பிள்ளைப் பையனும் வந்து பார்த்து மயங்கிப்போனார். இரண்டே வாரத்தில் எங்கள் முற்றத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டப் பழகிவிட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணை ஒரு நாள் அப்பா கூட்டிக்கொண்டு வந்தார். மாநிறம், ஒடிசலான பெண். அண்ணாச்சி கதவைத் திறந்து பிடித்தார். அவள் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ மாமி எங்க இருப்பாவ?" என்று கேட்டாள்.

கிண்டல் ஒன்றுமில்லை. உண்மையாகவே கேட்டாள். அப்பா சிரித்தார். அண்ணாச்சி சிரித்தார். நானும் டைப் மெஷினுக்குப் பின்னால் இருந்து சிரித்தேன். அவள் வெட்கப்பட்டு இறங்கிவிட்டாள்.

அந்த வார்த்தைக்குக் கால் முளைத்துவிட்டது. சவரக்கடையில் சொன்னார்கள், பஸ்ஸில் சொன்னார்கள். சிவப்பு வண்டிக்கும் சந்தன நிற வண்டிக்கும் பெண்ணைப் பெற்ற இரண்டு பேர், வருஷம் முடிவதற்குள் வரப்போகிற கல்யாணங்களுக்கென்று வாக்குக் கொடுத்தார்கள். வண்டிகளை இறக்குமதி செய்த கொச்சிக் கம்பெனியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. புதுமணத் தம்பதிகளின் வண்டி என்ற யோசனை பிரமாதம், ராஜ்யம் முழுவதும் இப்படியே விற்கலாம், இதைச் செய்த ஆளைக் கொச்சிக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முதலாளி எல்லோருக்கும் மட்டி வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். எங்கள் பதினொரு பேர் பிழைப்பும் தப்பித்தது என்று நினைத்தோம்.

ஆனால் அந்த வீட்டுக்கு வண்டி போவதற்கு முன்னால் வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த மாமியார் மோசமானவர் என்று நான் ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை. தனக்கு இடமில்லை என்று பெண் வீட்டார் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேட்டால் எந்த மனுஷிக்குத்தான் பொறுக்கும்?

கல்யாணத்துக்கு அண்ணாச்சி போயிருந்தார். மறுநாள் வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். பச்சை வண்டிக்கு மாலை போட்டு வாசலில் நிறுத்தியிருந்தார்களாம். மாப்பிள்ளை ஸ்டியரிங் வளையத்துக்கு முன்னால் ஏறப்போனபோது அவருடைய அப்பா தடுத்துவிட்டார். நம் வீட்டுப் பையன் கூலிக்காரனைப் போல் வண்டி ஓட்டுவதா என்று கேட்டாராம். டிரைவர் ஏறினார். மாப்பிள்ளை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பெண் பின்னால் வந்த பெரிய வாடகைக் காரில், மாமியாருக்கும் நாத்தனாருக்கும் நடுவில் போனாள்.

"ரெண்டு சீட்டுன்னா ரெண்டு பேருன்னு கணக்காக்கினேன் மக்ளே. டிரைவர நெனைக்கல்ல" என்றார்.

எங்கள் பக்கத்தில் கார் வாங்கும் அந்தஸ்து உள்ளவர் யாரும் காரை ஓட்ட மாட்டார். இது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். பதினெட்டு வருஷம் கார் விற்றவருக்குத் தெரியாதா? தெரியும். அந்தப் பையன் முற்றத்தில் ஓட்டிய அழகைப் பார்த்து மறந்துவிட்டார். வண்டியோடு வந்த புத்தகத்தில் இருந்த படத்திலும் டிரைவர் இல்லை.

அதன்பிறகு வியாழக்கிழமைதோறும் பச்சை வண்டி எங்கள் வாசலைக் கடந்து போகும். அண்ணாச்சி எழுந்து ஜன்னலுக்குப் போவார். இடது பக்க இருக்கையில் யார் என்று பார்ப்பார். மாப்பிள்ளை இருப்பார். சில நாள் மாப்பிள்ளையின் அப்பா. ஒரு தடவை ஒரு பலாப்பழம் இருந்தது. அந்தப் பெண் ஒருநாளும் இல்லை. எண்ணெய் மாற்றும் சாக்கில் ஒரு நாள் அந்த வீட்டுக்கே போய்விட்டு வந்தார். மாமியார் நிலைப்படிக்கு உள்ளே நின்றுகொண்டு, இடமில்லாத ஆள் இருக்கிற வீட்டுக்கு எதற்கு வந்தீர் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் மோர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். வண்டியில் ஏறினாயா என்று இவர் கேட்டதற்கு, வெயிலில் நிற்கிறது, இருக்கை சுடும் என்று சொன்னாளாம்.

அடுத்து வந்த ஐப்பசியில் நடந்ததை அந்த வீட்டு டிரைவர் பிற்பாடு எங்களிடம் வந்து சொன்னார். மாப்பிள்ளை ஏதோ வழக்கு விஷயமாகத் திருவனந்தபுரம் போயிருந்தார். மழை நாள், கித்தான் ஒழுகும் என்று பஸ்ஸில் போயிருந்தார். மத்தியானம் அந்தப் பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் இருந்தது. மருத்துவச்சி பார்த்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இது என் கையில் இல்லை என்றாள். டிரைவர் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். பெண்ணைத் தாங்கிக் கூட்டிவந்தார்கள். அவளை இடது பக்க இருக்கையில் ஏற்றப் போனார்கள். நினைத்துப்பார்த்தால், கல்யாணத்துக்குப் பிறகு அந்த வண்டியில் அவளுக்குக் கிடைத்த முதல் இடம் அது.

வலியில் துடிக்கிற பெண்ணை ஓர் அந்நிய ஆணோடு தனியாக எப்படி அனுப்புவது? பிடித்துக்கொள்ள ஒரு பெண் பிள்ளை கூடப் போக வேண்டும். மாமியார் மழையில் இறங்கி வந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

"நான் எங்க இருக்க?" என்று கேட்டார்.

கோபத்தில் கேட்டார்களா என்று டிரைவரிடம் நான் கேட்டேன். இல்லை, அந்த அம்மா அழுதுகொண்டு கேட்டாவ என்றார்.

வில்வண்டி கட்டலாம் என்றார்கள். மாடுகள் வயலில் நின்றன. பிடித்துவந்து கட்டி, வைக்கோல் பரப்பி, இரண்டு பெண்கள் பிடித்துக்கொள்ள, மழையில் ஆறு மைல். பச்சை வண்டி வாசலிலேயே நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. குழந்தை தங்கவில்லை. பிறகு அவளும் தங்கவில்லை.

பதினாறு கழிந்ததும் சீர்வரிசை எல்லாம் திரும்பி வந்தது. வண்டியும் வந்தது. அந்த அரிசி வியாபாரி அதில் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நேராக எங்கள் கம்பெனிக்கு வந்தார். நாங்கள் எல்லோரும் இருந்தோம். சிவப்பு வண்டிக்கு வாக்குக் கொடுத்தவரும் அன்று முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். வியாபாரி சத்தம் போடவில்லை. அண்ணாச்சிக்கு எதிரே வந்து நின்றார்.

"மாமியாருக்கு இடமில்லாத வண்டி. அது யாருக்க வார்த்தை வே?"

எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு மேஜை. கை இரண்டும் மெஷின் மேல் இருந்தன. அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்த்திருந்தால் ஒருவேளை எழுந்திருப்பேன். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"எனக்க வார்த்தை" என்றார்.

வியாபாரி மடியிலிருந்து சாவியை எடுத்தார். "பிள்ளை அன்னைக்கே கேட்டா. மாமி எங்க இருப்பாவன்னு கேட்டா. நீரும் சிரிச்சீரு, நானும் சிரிச்சேன்" என்றார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கோட்டாற்றை நோக்கி நடந்து போய்விட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. வெட்கம் என்று சொல்லலாம், பயம் என்று சொல்லலாம். என் கல்யாணப் பேச்சு ஒன்று நல்லபடியாக முடியப்போகிறது என்று இருந்தேன். அதுதான் நிஜம்.

அண்ணாச்சி அங்கேயே, அந்த நிமிஷமே, சிவப்பு வண்டிக்கு வாக்குக் கொடுத்தவரிடம் இது உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்றார். மறுநாள் நடந்தே போய் மற்றவரிடமும் சொல்லிவிட்டு வந்தார். முதலாளி கையைப் பிடித்துக் கெஞ்சினார். பதினொரு வீட்டு அடுப்பை நினைத்துப்பார் என்றார். கழுவுகிறவர் கூட, அண்ணாச்சி, எங்களுக்காக என்றார். "இந்த ஊர்ல இது யாருக்குள்ளதும் இல்ல" என்பதற்கு மேல் அவர் பேசவில்லை. ஏஜென்சி போயிற்று. அவரைத் திட்டாதவர்கள் எங்களில் இல்லை. நான் திட்டவில்லை என்பது பெருமையல்ல.

கம்பெனியை மூடுவதற்கு முந்தின நாள் பகலில், கணக்கப்பிள்ளையும் மற்றவர்களும் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது, பச்சை வண்டியின் கதவு திறந்திருந்ததைப் பார்த்தேன். அண்ணாச்சி இடது பக்க இருக்கையில் உட்கார்ந்திருந்தார். செருப்பு இரண்டும் வெளியே கிடந்தன. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இதுல கித்தானுக்கு அடியில இருந்தா வெளிய நிக்க ஆளுக்க இடுப்புதான் தெரியும் மக்ளே. மொகம் தெரியாது. கேட்டதுக்கு நாம சிரிச்சப்போ, எதுக்குச் சிரிக்காவன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்காது. நான் ஒருநாளாவது ஏறி இருந்து பாத்திருக்கணும்."

அவர் அழுதார். ஆண்கள் அழுவதை அப்போது அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். உள்ளே போய் என் மெஷினுக்கு உறை போட்டுக் கட்டினேன்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது இரண்டு வருஷம் கழித்து. எனக்குக் கல்யாணமாகி மார்த்தாண்டம் பக்கம் போயிருந்தேன். ஒரு நாள் குழித்துறையில் பஸ் நின்றது. கீழே யாரோ ஒரு மூட்டையைத் தூக்கிப் பிடித்து, "இது யாருக்க?" என்று கேட்டார். குரல் கேட்டதும் தலையை வெளியே நீட்டினேன். பஸ் கம்பெனியில் டிக்கெட் எழுதுகிற வேலை போலிருக்கிறது. காக்கிச் சட்டை போட்டிருந்தார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. மூட்டைக்காரியைக் கண்டுபிடித்து, அவளுக்கு ஓர் இடமும் பார்த்து உட்காரவைத்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"மக்ளே, சுகமா?"

"அண்ணாச்சி, அந்த வார்த்தை" என்று ஆரம்பித்தேன்.

அவர் கண் என்னைத் தாண்டி உள்ளே போயிற்று. எனக்குப் பக்கத்தில், என் மடியில் தன் கைப்பையை வைத்துவிட்டு, வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்தார். யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அது எனக்குள்ளது மக்ளே. தந்தத திருப்பிக் கேக்கப்பிடாது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, விசில் ஊதினார்.

பஸ் பாலத்தில் ஏறியது. யாரது, என்ன வார்த்தை என்று என் மாமியார் கேட்டார்கள். முன்பு ஆபீசில் கூட வேலை பார்த்தவர் என்றேன். அவர்கள் கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டேன்.